புயலுக்குப் பிறகு இலவச மருத்துவ முகாம்: மருந்துப் பெட்டிக்கு முன்னால் பெயர்ப் பட்டியல்

கஜா புயல் சமயத்தில் உங்கள் நண்பர் குழு பட்டுக்கோட்டைக்குத் தெற்கே இரண்டு இடங்களில் இலவச மருத்துவ முகாம் நடத்தியதாகவும், நல்ல கூட்டம் வந்ததாகவும், இனி எங்காவது புயலோ வெள்ளமோ வந்தால் உடனே கிளம்பப் பணம் திரட்டி வைத்திருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். என்னென்ன மருந்து வாங்கி வைக்கலாம், எத்தனை டாக்டர் வேண்டும் என்று கேட்கிறீர்கள். கடைசி வரியில், முகாம் முடிந்து திரும்பிய பிறகு அந்த மக்களுக்கு என்ன ஆயிற்று என்று தெரியவே இல்லை என்றும் சேர்த்திருக்கிறீர்கள். உங்களை உறுத்துவது அந்தக் கடைசி வரிதான் என்று நினைக்கிறேன். மருந்துப் பட்டியல் தருகிறேன். ஆனால் ஏழைக் கிராமத்தில் பேரிடருக்குப் பிறகு உடம்பு எதனால் கெடுகிறது, வெளியிலிருந்து போகிறவர்களால் அதில் எதைத் தடுக்க முடியும் என்பதைச் சொல்லிவிட்டுத் தருகிறேன்.

டெல்டா கடலோரத்தில் அரசு ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவராகப் பல வருடம் வேலை பார்த்தவள் நான். சுனாமியையும் கஜாவையும் பணியில் இருந்தபடியே கண்டேன். ஓய்வு பெற்ற பிறகு தன்னார்வக் குழுக்களுக்குப் பயிற்சி தருகிறேன். ஆகவே நான் சொல்வது சமவெளிக் கிராமத்துக்கு, அதிலும் ஆரம்ப சுகாதார நிலையமும் நர்சம்மாவும் இருக்கிற தமிழ்நாட்டுக் கிராமத்துக்குப் பொருந்தும். மண் சரிந்து பாதையே போன மலை ஊருக்கோ, அரசு மருத்துவமே பெயரளவுக்கு இருக்கும் நாட்டுக்கோ இதை அப்படியே கொண்டுபோகக் கூடாது. பூகம்பமும் வேறு விஷயம். அங்கே எலும்பு முறிவும் நசுங்கிய காயமும்தான் முதல் நாட்களின் வேலை; அதற்கு அறுவை சிகிச்சை தெரிந்தவர்கள் பதில் சொல்ல வேண்டும்.

உறுதியாகத் தெரிந்ததிலிருந்து தொடங்குகிறேன். பேரிடர் என்றதும் எல்லாருக்கும் வருகிற முதல் பயம் கொள்ளைநோய். 2004 டிசம்பர் 26 சுனாமியில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் இறந்தார்கள். அக்கரைப்பேட்டையிலும் கீச்சாங்குப்பத்திலும் உடல்களை எடுத்துக்கொண்டிருக்கும்போதே பிணத்திலிருந்து காலரா வரும் என்ற பேச்சு கிளம்பிவிட்டது. தெருவெல்லாம் பிளீச்சிங் பவுடரைக் கோலமாவு போலத் தூவினார்கள். மூழ்கியும் அடிபட்டும் இறந்தவர்களின் உடல்கள் கொள்ளைநோயைக் கிளப்புவதில்லை என்று உலக சுகாதார நிறுவனம் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறது. அந்தப் பயத்தில் பெயர்கூடக் குறிக்காமல் அவசரமாகப் புதைத்துவிட்டால், இறந்தவர் யார் என்று தெரியாமல் குடும்பம் வருடக்கணக்கில் தவிக்கும். பலன் மட்டும் ஒன்றும் இருக்காது. சுனாமிக்குப் பிறகு தமிழ்நாட்டில் பெரிய கொள்ளைநோய் எதுவும் வரவில்லை. லாரித் தண்ணீரில் குளோரின் இருக்கிறதா என்று தினமும் பார்த்ததும், முகாம் பிள்ளைகளுக்குத் தட்டம்மைத் தடுப்பூசி போட்டதும், வெளிமாவட்ட சுகாதாரப் பணியாளர்களைக் கொண்டுவந்து இறக்கியதும்தான் காரணம். ஆர்ப்பாட்டமில்லாத வேலைகள் என்பதால் அவற்றை யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை.

அதற்காகத் தொற்றுநோயே வராது என்று சொல்லவில்லை. சுனாமிக்குப் பிறகு கடலூர் மாவட்டக் கிராமங்கள் சிலவற்றில் தட்டம்மை பரவியது. இந்தோனேசியாவின் ஆச்சேயில் அதே சுனாமியில் சேற்றோடு காயம்பட்டவர்களில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்கு டெட்டனஸ் வந்தது. ஹைட்டியில் 2010 ஜனவரியில் பூகம்பம். அக்டோபரில் காலரா வெடித்தது. அதைக் கொண்டுவந்தது பூகம்பமில்லை. வெளியிலிருந்து வந்த ஐ.நா. அமைதிப்படை முகாமின் கழிவு ஆற்றில் கலந்ததால் வந்தது. அதில் தன் பங்கை ஐ.நா. 2016-ல்தான் ஒப்புக்கொண்டது. இவற்றிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இதுதான்: எந்த நோய் வரும் என்பதை, அந்த இடத்தில் முன்பே தடுப்பூசி எப்படி இருந்தது, தண்ணீர் எப்படி இருந்தது, மலம் எங்கே போகிறது என்பவை தீர்மானிக்கின்றன. உதவிக்குப் போகிறவர்களும் அந்தக் கணக்கில் உண்டு. உங்கள் குழு பள்ளிக்கூடத்தில் தங்கினால் கழிப்பறைக்கு என்ன ஏற்பாடு என்பதும் மருத்துவக் கேள்விதான்.

இப்போது கிராமங்களில் ஆளைச் சாய்ப்பது எது என்று வருகிறேன். கரீபியன் தீவான போர்ட்டோ ரிக்கோவில் 2017 செப்டம்பரில் மரியா சூறாவளி அடித்தது. இறந்தவர்கள் 64 பேர் என்று அரசு சொன்னது. மறு வருடம், அந்தச் சூறாவளியால் கூடுதலாக நேர்ந்த சாவுகளைக் கணக்கிட்டு 2,975 என்று திருத்தியது. வீடு வீடாகப் போய் விசாரித்த வேறொரு ஆய்வில், சூறாவளிக்குப் பிந்தைய சாவுகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்கு மருத்துவம் தாமதமானதோ நின்றுபோனதோ காரணம் என்று குடும்பத்தார் சொல்லியிருந்தார்கள். கரன்ட் இல்லை, ரோடு இல்லை, மருந்துக்கடை திறக்கவில்லை, டயாலிசிஸ் ஓடவில்லை. காற்று ஒரே நாளில் போய்விட்டது. சாவு மாதக்கணக்கில் நீடித்தது.

கஜாவும் அந்த வகைதான். 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. உள்ளே தள்ளியிருந்த ஊர்களுக்குக் கரன்ட் வர வாரக்கணக்கில் ஆயிற்று. தென்னை விழுந்து பாதை அடைத்ததால் பஸ் இல்லை. பஸ் வந்த பிறகும் கையில் காசு இல்லை. தோப்பு வேலை, உப்பள வேலை எல்லாம் ஒரே ராத்திரியில் நின்றுவிட்டன. அந்தச் சமயத்தில் சுகர் மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் நின்றுபோனவர்களின் எண்ணிக்கை, புயலில் காயம்பட்டவர்களைவிட மிக அதிகமாக இருந்தது. அவர்கள் முகாமுக்கு வந்து நின்றபோது கை கால் வலி என்றுதான் சொன்னார்கள்.

ஒரு அம்மாவைச் சொல்கிறேன். அறுபது வயதிருக்கும். ஓடு விழுந்து தோளில் வீக்கம் என்று வந்தார். அதைப் பார்த்துவிட்டு, வேறு மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று கேட்டேன். மடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து நீட்டினார். உள்ளே மழைத்தண்ணீரில் ஊறிய அட்டை. மாத்திரையெல்லாம் கரைந்து சுண்ணாம்பு மாதிரி ஒட்டியிருந்தது. “வெள்ளையா இருக்கும் டாக்டரம்மா, காலையில ஒண்ணு, ராவுக்கு ஒண்ணு. இன்னொண்ணு சின்னது.” பேர் தெரியாது. நோட்டு வீட்டோடு போய்விட்டது. சுகர் பார்த்தால் நானூறுக்கு மேல். அட்டையின் ஓரத்தில் நனையாமல் இருந்த எழுத்தை வைத்து மெட்ஃபார்மின் என்ற சுகர் மாத்திரை என்று தெரிந்துகொண்டோம். சின்னது எது என்பதை அவருடைய ஊர் நர்சம்மாவின் பதிவேட்டைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தோம்: எனலாப்ரில் என்ற பிரஷர் மாத்திரை. இந்த நர்சம்மாவும் இந்தப் பதிவேடும் இல்லாமல், வெளியூரிலிருந்து வந்த எவ்வளவு பெரிய நிபுணரும் அவருக்கு வலி மாத்திரை கொடுத்து அனுப்பியிருப்பார். அந்த வலி மாத்திரை பல நாள் கட்டுப்பாடில்லாத சுகரும் பிரஷரும் இருக்கும் ஆளின் சிறுநீரகத்துக்குக் கெடுதல் செய்யக்கூடியது.

அதனால்தான் முதலில் மருந்து வாங்காதீர்கள், நோயாளிகளின் பெயர்ப் பட்டியல் வாங்குங்கள் என்று சொல்லி வருகிறேன். சமவெளியில் ஏறத்தாழ 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், 30,000 பேருக்கு ஒரு ஆரம்ப சுகாதார நிலையம் என்பது விதி. துணை சுகாதார நிலையத்தின் கிராம சுகாதார செவிலியருக்கு, அதாவது நான் சொல்லும் நர்சம்மாவுக்கு, யார் கர்ப்பிணி, எப்போது பேறுகாலம், எந்தக் குழந்தைக்கு எந்த ஊசி பாக்கி, யார் காசநோய் மருந்து சாப்பிடுகிறார் என்பதெல்லாம் தெரியும். 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் வந்த பிறகு சுகர், பிரஷர்காரர்களின் பட்டியலும் வீடு தேடி மாத்திரை கொடுக்கும் பெண் தன்னார்வலரும் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். கஜாவின்போது இந்த வசதி கிடையாது. ஆனால் அந்த நர்சம்மாவின் வீட்டுக் கூரையும் பறந்திருக்கும், அந்தத் தன்னார்வலரின் பிள்ளைக்கும் காய்ச்சல் அடிக்கும் என்பதை யோசியுங்கள். உங்கள் குழு செய்யக்கூடிய பெரிய உதவி அவருக்குப் பக்கத்தில் இருவர் நிற்பதுதான்: வண்டி கொடுப்பது, வீடு வீடாகக் கூடப் போவது, வந்தவர்கள் வராதவர்கள் என்று குறித்துவைப்பது.

பட்டியலில் முதலில் தேட வேண்டியவர்கள் சிலர் உண்டு. பேறுகாலம் நெருங்கிய பெண்கள். இவர்களைப் புயலுக்கு முன்பே மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் வழக்கம் தமிழ்நாட்டில் இருக்கிறது, ஆனாலும் விட்டுப்போகிறவர்கள் உண்டு. டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்கள், இவர்களுக்கு ஒரு வாரம் தவறினால்கூட உயிருக்கு ஆபத்து, முகாமில் நாம் செய்யக்கூடியது ஒன்றுமில்லை, வண்டி பிடித்து இயந்திரம் ஓடும் ஊருக்கு அனுப்ப வேண்டும். இன்சுலின் போடுகிறவர்கள். வலிப்பு மாத்திரை சாப்பிடுகிறவர்கள்; ஃபெனிடாயினையோ வால்ப்ரோயேட்டையோ திடீரென நிறுத்தினால் வலிப்பு அடுக்கடுக்காக வந்து நிற்காமல் தொடரலாம். காசநோயாளிகள். மனநோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள். இவர்களை வீட்டிலேயே பேர் சொல்ல மாட்டார்கள், நர்சம்மாவிடம்தான் மெதுவாகக் கேட்க வேண்டும். பிறகு, படுக்கையில் கிடக்கும் முதியவர்கள். இவர்களில் ஒருவர்கூட உங்கள் முகாம் வரிசையில் வந்து நிற்கப் போவதில்லை.

மருந்துக்கு வருகிறேன். ஆச்சேயில் சுனாமிக்குப் பிறகு இருபது லட்சத்துக்கும் குறைவான மக்களுக்குச் சுமார் 4,000 டன் மருந்து வந்து குவிந்தது. அதில் பெரும்பகுதி தேவையில்லாதது. பல அட்டைகளில் அங்குள்ள மருந்தாளுநருக்குப் படிக்கவே தெரியாத மொழி. நூற்றுக்கணக்கான டன்னை அழிக்கத் தனியாகச் செலவு செய்தார்கள். நம் ஊரிலும் சிறிய அளவில் இதேதான் நடக்கிறது. வீட்டில் மிஞ்சிய மாத்திரைகளை அட்டைப்பெட்டியில் போட்டு அனுப்புகிறார்கள். டாக்டர்களுக்கு வந்த சாம்பிள்களை, ஒவ்வொன்றும் ஒரு பிராண்டாக, அள்ளிக்கொண்டு வருகிறார்கள். தயவுசெய்து இரண்டையும் வாங்காதீர்கள். 1994-ல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கி விநியோகிக்கிறது. அந்தக் கழகத்தின் மருந்துப் பட்டியலில் இருக்கும் அதே மருந்தை, அதே மில்லிகிராமில், ஜெனரிக் பெயர் (பிராண்டுப் பெயரல்ல, மருந்தின் பெயர்) தெரியும்படி கொடுத்தால்தான் அடுத்த மாதம் அவர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அதையே தொடர முடியும். நீங்கள் நிறம் மாற்றிக் கொடுத்தால் பழையதையும் புதியதையும் சேர்த்துச் சாப்பிட்டு மயங்கி விழுகிறவர்கள் உண்டு.

உங்கள் மருந்துப் பட்டியல் இப்படி இருக்கட்டும். சுகருக்கு மெட்ஃபார்மின், பிரஷருக்கு அம்லோடிபின், எனலாப்ரில், அட்டெனலால். இழைப்புக்காரர்களுக்கு சால்பியூட்டமால் இன்ஹேலர். வலிப்புக்கு மேலே சொன்ன இரண்டு. கர்ப்பிணிகளுக்கு இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகள். இவையெல்லாம் மருத்துவர் சீட்டில், பழைய அளவைத் தெரிந்துகொண்டு, ஒரு மாதத்துக்குக் கொடுக்க வேண்டும். மூன்று நாளைக்குக் கொடுப்பதில் பொருளே இல்லை. ஓ.ஆர்.எஸ். பொட்டலம் எவ்வளவு வாங்கினாலும் தகும். குழந்தை வயிற்றுப்போக்குக்கு அதோடு ஜிங்க், ஆறு மாதத்துக்கு மேல் தினம் 20 மில்லிகிராம், அதற்குக் கீழே 10, மொத்தம் 14 நாள். பாராசிட்டமால், சொறி சிரங்குக்குப் பெர்மெத்ரின் களிம்பு, சேற்றுப்புண்ணுக்குப் பூஞ்சைக் களிம்பு, காயம் கழுவச் சலைன், கட்டுத்துணி, டெட்டனஸ் ஊசி. குளுக்கோமீட்டரும் அதற்கான ஸ்ட்ரிப்பும், ஒழுங்காக வேலை செய்யும் பிரஷர் கருவி இரண்டும். ஆன்டிபயாடிக் ஒன்றிரண்டு போதும். அதுவும் முழு நாளுக்குக் கொடுக்க முடிந்தால். பாம்புக்கடி மருந்தை நீங்கள் வைத்துக்கொள்ள வேண்டாம். வெள்ளத்துக்குப் பிறகு பாம்பு மேட்டுக்கும் வீட்டுக்கும் ஏறும் என்பது உண்மை. ஆனால் அந்த மருந்துக்கு ஒவ்வாமை வந்தால் சமாளிக்கும் வசதி வேண்டும். எந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் இப்போது இருப்பு உண்டு, ராத்திரியில் எந்த வண்டியில் கொண்டுபோவது என்பதை எழுதி ஒட்டிவையுங்கள்.

இன்சுலின் பற்றி எப்போதும் கேட்பார்கள். கரன்ட் இல்லாத ஊரில் ஃபிரிட்ஜ் இல்லையே, தூக்கிப் போட்டுவிடலாமா? போட வேண்டாம். திறந்த குப்பியை வெயில் படாமல் அறை வெப்பத்தில் நான்கு வாரம் வரை வைத்துப் பயன்படுத்தலாம் என்பது பொதுவான விதி. நம் ஊர் அறை வெப்பம் அந்த விதி சொல்லும் அளவைத் தாண்டும் என்பதுதான் சிக்கல். கென்யாவின் அகதி முகாம் வெப்பநிலையை, பகலிரவு 25 முதல் 37 டிகிரி வரை ஏறி இறங்குவதை, ஆய்வகத்தில் அப்படியே உண்டாக்கி நான்கு வாரம் வைத்துப் பார்த்து, இன்சுலின் வீரியம் குறையவில்லை என்று 2021-ல் ஓர் ஆய்வு வெளியானது. ஈர மணலில் வைத்த மண்பானைக்குள் சின்னப் பானையும் அதற்குள் குப்பியும் என்று நம் கிராமத்தில் செய்வது நல்ல வழி. குப்பிக்குள் கட்டி மிதந்தாலோ நிறம் மாறினாலோ அதை விட்டுவிட வேண்டும். ஐஸில் உறைந்துபோன இன்சுலினும் வேண்டாம். அதைத் தயங்காமல் எறியலாம்.

ஓ.ஆர்.எஸ். பற்றி எழுதும்போது ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1971-ல் வங்கதேசப் போரில் லட்சக்கணக்கானவர்கள் எல்லை தாண்டி மேற்கு வங்கத்துக்கு வந்தபோது, பங்காவ் முகாமில் காலரா. நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துபோனது. டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பும் சோடா உப்பும் குளுக்கோஸும் கலந்து, டிரம்மில் கரைத்துவைத்து, நோயாளியின் சொந்தக்காரர்கள் கையிலேயே குவளையைக் கொடுத்தார். சாவு விகிதம் சுமார் முப்பது சதவீதத்திலிருந்து நான்குக்கும் கீழே இறங்கியது. அங்கே உயிரைக் காப்பாற்றிய கைகளில் பெரும்பாலானவை அம்மாக்களுடையவை. முகாமில் பொட்டலத்தை நீட்டிவிட்டு நிறுத்தாதீர்கள். ஒரு லிட்டர் பாட்டிலை வாங்கிவைத்து, அந்த அம்மாவையே ஒரு முழுப் பொட்டலத்தைக் கரைக்கச் சொல்லி, கரண்டியால் ஊட்டச் சொல்லிப் பாருங்கள். பாதிப் பேர் ஒரு டம்ளருக்கு ஒரு பொட்டலம் போடுவார்கள். அப்படிக் கொடுத்தால் பிள்ளைக்கு உப்பு ஏறி நிலைமை மோசமாகும்.

எத்தனை டாக்டர் என்ற கேள்விக்கு ஒரு கணக்கு. மனிதநேய உதவிக்கான ஸ்பியர் தர அளவுகளில், ஒரு மருத்துவர் ஒரு நாளில் பார்ப்பது 50 பேருக்கு மேல் போகக் கூடாது என்று வைத்திருந்தார்கள். நம் முகாம்களில் 800 பேர் பயன்பெற்றனர் என்று பேனர் வைக்கிறோம். இரண்டு டாக்டர், ஆறு மணி நேரம் என்றால் ஆளுக்கு ஒரு நிமிடம்கூட வராது. அந்த ஒரு நிமிடத்தில் “உடம்பெல்லாம் வலிக்குது, ஒரு ஊசி போடுங்க” என்று கேட்பவருக்கு ஊசி போடுவதைத் தவிர வேறெதற்கும் நேரமில்லை. அந்த ஊசியால் பலனும் இல்லை. இரண்டு டாக்டர், ஒரு மருந்தாளுநர், இரண்டு செவிலியர், பட்டியலோடு உட்காரும் இரண்டு படித்த பிள்ளைகள். ஒரு நாளைக்கு நூறு பேர். மீதிப் பேருக்கு மறுநாள் டோக்கன் கொடுங்கள். மறுநாளும் நீங்கள் அங்கே இருக்கத்தான் வேண்டும்.

எத்தனை நாள் இருப்பது என்பதில் என் கருத்து உறுதியானது, ஆனால் இது அனுபவத்தில் வந்த கருத்து என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதல் நான்கைந்து நாளில் அரசு மருத்துவக் குழுக்களும் பெரிய அமைப்புகளும் வந்து குவிவார்கள். ஒரே பள்ளிக்கூட வாசலில் மூன்று முகாம் நடக்கும். இரண்டாவது வாரத்துக்குப் பிறகு ரோடு காலியாகிவிடும். உலக சுகாதார நிறுவனத்தின் அவசரகால மருந்துத் தொகுப்பே பத்தாயிரம் பேருக்கு மூன்று மாதம் என்ற கணக்கில்தான் கட்டப்படுகிறது. நாள்பட்ட நோய்களுக்கென்று பின்னர் தனித் தொகுப்பும் சேர்த்தார்கள். உங்களிடம் இருக்கும் பணத்தை மூன்றாகப் பிரியுங்கள். ஒரு பங்கை இரண்டாவது வாரத்துக்கும், அடுத்ததை இரண்டாவது மாதத்துக்கும், கடைசிப் பங்கை மூன்றாவது மாதத்துக்கும் வையுங்கள். ஒவ்வொரு முறையும் அதே ஊர், அதே பட்டியல். யார் மாத்திரையைத் தொடர்கிறார், யார் விட்டுவிட்டார், யாருக்குப் பிரசவம் ஆயிற்று என்று பெயருக்கு எதிரே எழுதுங்கள். பத்து ஊர் வேண்டாம். ஒரு துணை சுகாதார நிலையத்துக்கு உட்பட்ட ஊர்கள் போதும்.

எந்த ஊர், ஊருக்குள் எந்தத் தெரு என்பதும் முக்கியம். முகாம்கள் மெயின் ரோட்டுப் பள்ளியிலோ கல்யாண மண்டபத்திலோ நடக்கின்றன. காலனித் தெருக்காரர்களும் உப்பளத் தொழிலாளிகளும் அங்கே வருவதில்லை, வந்தாலும் வரிசையின் கடைசியில் ஒதுங்கி நிற்கிறார்கள். சுனாமி நிவாரணத்தில் படகு வைத்திருந்தவர்களின் குப்பங்களுக்கு உதவி குவிந்தது. கரையிலிருந்து உள்ளே தள்ளி இருந்த தலித் குடும்பங்களுக்கும் கூலிக்காரர்களுக்கும் பல இடங்களில் அது எட்டவில்லை. ஆகவே பாதை முடிகிற இடத்தில், காலனிக்குள்ளேயே, அவர்கள் கூலிக்குப் போய்த் திரும்பும் சாயந்தர நேரத்தில் மேசையைப் போடுங்கள். இலவசம் என்று நாம் சொல்கிறோம். ஒரு நாள் கூலியும் ஜி.எச்.சுக்குப் போக ஆட்டோ வாடகையும் அவர் கையிலிருந்துதானே போகிறது? நான் பார்த்தவரை, மேல்சிகிச்சைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தவர்களில் பலர் போகவே இல்லை. போக வர வண்டிச் செலவையும், கூட ஒரு ஆளையும் கொடுத்தபோது போனார்கள். மருந்துக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பகுதியை இதற்கு மாற்றினால் பலன் கூடும் என்று நம்புகிறேன்.

தண்ணீரைப் பற்றிச் சுருக்கமாக. டேங்கில் பிளீச்சிங் பவுடர் போட்டாயிற்று என்று சொன்னால் நம்பிவிடாதீர்கள். திறந்து வைத்த மூட்டையில் குளோரின் வாரக்கணக்கில் பறந்துபோய் வெறும் சுண்ணாம்புதான் மிஞ்சும். சுகாதார ஆய்வாளரிடம் தண்ணீரில் குளோரின் அளவைப் பார்க்கும் குளோரோஸ்கோப் இருக்கும். ஊரின் கடைசிக் குழாயில் தண்ணீர் பிடித்து, சொட்டு மருந்து விட்டு, மஞ்சள் நிறம் வருகிறதா என்று அவரோடு நின்று பாருங்கள். கடைசிக் குழாயில் குளோரின் 0.2 பி.பி.எம். (லிட்டருக்கு 0.2 மில்லிகிராம்) ஆவது காட்ட வேண்டும். நிறமே வராவிட்டால் அன்று முகாமைவிட அந்த டேங்க்தான் அவசரம். ஜெனரேட்டர் வைத்து டேங்குக்குத் தண்ணீர் ஏற்ற ஒரு நாள் டீசல் வாங்கிக் கொடுப்பதும் மருத்துவ உதவிதான். அந்த ஜெனரேட்டரை மூடிய அறைக்குள் ஓட்டக் கூடாது. புகையில் ஆள் தூக்கத்திலேயே இறந்துபோகும்.

சந்தேகமானவற்றுக்கு வருகிறேன். எலிக்காய்ச்சலுக்கு முன்தடுப்பாக டாக்சிசைக்ளின். 2018 கேரள வெள்ளத்துக்குப் பிறகு எலிக்காய்ச்சல் கூடியது; சேற்றில் இறங்கி வேலை செய்தவர்களுக்கு வாரம் ஒருமுறை 200 மில்லிகிராம் என்று பெரிய அளவில் கொடுத்தார்கள். சேற்றிலேயே நிற்பவருக்கு இதனால் நன்மை இருக்கலாம் என்பதற்கு ஓரளவு சான்று உண்டு. ஊர் முழுக்கக் கொடுத்தால் எவ்வளவு பலன் என்பது தெளிவாக நிரூபிக்கப்படவில்லை. கர்ப்பிணிக்கும் சின்னப் பிள்ளைக்கும் கூடாது. வெறும் வயிற்றில் போட்டுப் படுத்தால் உணவுக்குழாய் புண்ணாகும். மாவட்ட சுகாதார அலுவலர் சொன்னால் கொடுங்கள், நீங்களாகத் தொடங்காதீர்கள். டெங்குவைப் பொறுத்தவரை, புயலுக்குப் பிறகு கூடும் என்று அடித்துச் சொல்ல முடியாது. சில இடங்களில் கூடியிருக்கிறது, சில இடங்களில் இல்லை. ஆனால் குழாய்த் தண்ணீர் நின்று குடம் குடமாகப் பிடித்து வைப்பதும், தார்ப்பாய் மடிப்பிலும் விழுந்த தென்னையின் மட்டையிலும் தேங்காய் ஓட்டிலும் தண்ணீர் நிற்பதும் ஏடிஸ் கொசுவுக்குத் தோதான இடங்கள் என்பதில் சந்தேகமில்லை. புகை அடிப்பதைவிட அவற்றைக் கவிழ்ப்பது நல்லது.

மனத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பாதிக்கப்பட்டவர்களைச் சுற்றி உட்காரவைத்து, நடந்ததைச் சொல்லுங்கள், அழுங்கள் என்று ஒரே அமர்வில் எல்லாவற்றையும் கிளறுவதை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பதில்லை. சிலருக்கு அதனால் கெடுதல் என்றும் தெரிகிறது. பக்கத்தில் உட்காருவது, அவராகப் பேசினால் கேட்பது, பிள்ளை எங்கே, ராத்திரி எங்கே படுப்பீர்கள், கடன் யாரிடம் என்று விசாரித்து அதற்கு வழி செய்வது — இவைதான் முதலுதவி. பெரும்பாலானவர்கள் மெதுவாகத் தேறிவிடுகிறார்கள். வாரங்கள் போயும் சாப்பிடாமல் தூங்காமல் இருப்பவரை, சாவைப் பற்றிப் பேசுபவரை, புயலுக்கு முன்பே குடியில் இருந்து இப்போது மோசமானவரை மாவட்ட மனநலக் குழுவிடம் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். முப்பது வருடம் வளர்த்த தென்னை ஐந்து ஏக்கரும் விழுந்த விவசாயியிடம் மாத்திரையால் மட்டும் ஒன்றும் ஆகாது. அவருடைய நிவாரண மனுவை எழுதிக் கொடுக்க உங்கள் குழுவில் ஒருவர் இருந்தால் அவரை அன்றைக்கு அங்கே அனுப்புங்கள்.

நடைமுறையில் கடைசியாகச் சில. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். செப்டம்பரிலேயே வட்டார மருத்துவ அலுவலரை நேரில் பார்த்து, எங்களிடம் இத்தனை பேர், இவ்வளவு பணம், இந்த வண்டி இருக்கிறது, உங்களுக்கு எட்டாத ஊர் எது என்று கேளுங்கள். புயல் அடித்த மறுநாள் போய்க் கேட்டால் அவரால் நின்று பதில் சொல்லக்கூட முடியாது. உங்கள் டாக்டர்களின் பதிவு எண்ணைக் கொடுத்துவையுங்கள். ஒரே ஊரில் காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ மஞ்சள் காமாலையோ வழக்கத்துக்கு மேல் கண்டால் அன்றைக்கே அவருக்குச் சொல்ல வேண்டும், வாட்ஸ்ஆப்பில் ஊருக்குச் சொல்லக் கூடாது. நோயாளிகளின் முகம் தெரியப் படம் எடுத்துப் போடாதீர்கள். ஊசிகளைச் சேகரிக்க மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாக்களைக் கொண்டுபோய், அவை நிறைந்ததும் எரிக்கவோ புதைக்கவோ செய்யாமல் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஒப்படையுங்கள். எந்த மாவட்டத்தில் வேலை செய்யப் போகிறீர்கள் என்று எழுதினால், அந்தப் பக்கத்துக்கு ஏற்றபடி பட்டியல் படிவம் ஒன்றைத் தயார் செய்து தருகிறேன்.